ஆறாம் வகுப்பின் பூத்தட்டு

மெரின் எதைக் கேட்டாலும் அந்த வீட்டில் சரி என்றார்கள். பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்டாள், சரி என்றார்கள். அவள் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனதும் வீட்டுக்காரன் பூன்மா சத்தமில்லாமல் வந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை கழுவுவான். நாற்று நட வரட்டுமா என்று கேட்டாள், அதற்கும் சரி. அவள் நட்ட நாற்றெல்லாம் குடித்தவனைப் போலச் சாய்ந்து நின்றது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்து வயல்காரிகள் அதைப் பிடுங்கித் திரும்ப நட்டார்கள்.

"நல்லா நட்டியா?" என்று அவர்கள் கைஜாடையில் கேட்டபோது மெரின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார்கள்.

நோங் போ கிராமத்தில் விருந்தாளியின் முகத்துக்கு நேராக யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது கேட்பவரின் பாடு. இங்கிலாந்திலிருந்து சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தர வந்திருந்த மெரினுக்கு அது எப்படித் தெரியும்? அந்த ஊரைப் போல நல்ல ஊர் உலகத்திலேயே இல்லை என்று அவள் தினமும் தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தங்கவைத்திருந்தது விலாவன் டீச்சரின் வீட்டில். விலாவன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியை. பள்ளிக்கூடம் முழுவதுக்கும் ஆங்கிலமும் அவள்தான் எடுத்தாள். பூன்மா அவள் கணவன், நெல் வயலும் இரண்டு குளத்து மீனும் அவன் பொறுப்பு. ஒரே மகள் பைமோன் அம்மாவின் வகுப்பிலேயே படித்தாள்.

"வெள்ளைக்காரப் பொண்ணுக்கு உக்கார்ற கக்கூஸ் வேணும். அது டீச்சர் வீட்லதானே இருக்கு" என்று தலைமையாசிரியர் சுரபோல் சொன்னபோது விலாவனும் சரி என்றுதான் சொன்னாள்.

பைமோன் பிறந்ததிலிருந்தே அம்மாவின் ஆங்கிலத்தைப் பெருமையாக நினைத்தவள். சந்தையில் பொம்மைப் பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தை அம்மா படித்துச் சொன்னால் சுற்றியிருக்கும் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பாள். விலாவனுக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைக்காதது, தன்னோடு படித்தவர்கள் காரில் வருவது எல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் சின்ன விஷயங்கள்.

மெரின் வந்த முதல் வாரமே அந்தப் பெருமை உடைந்தது.

விலாவன் எப்போதும் போலப் பாடத்தை உரக்கப் படித்தாள், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மெரின் எழுந்து வந்தாள். "நான் ஒண்ணு காட்டவா?" என்று கேட்டாள். விலாவன் சரி என்றாள். மெரின் அதே வரியைச் சொன்னாள். அது வேறு மொழி போல இருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"இப்ப எல்லாரும் சேந்து! டீச்சரும் வாங்க, டீச்சரும்!"

விலாவனின் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளைகளின் வரிசையில் நிறுத்தினாள். அதை விளையாட்டாகத்தான் செய்தாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். விலாவனின் முறை வந்தது. அவள் சொன்னாள். மெரின் தலையைச் சாய்த்து, அன்பாக, "இன்னொரு தடவை" என்றாள். சொன்னாள். "கிட்ட வந்துட்டீங்க. இன்னொரு தடவை."

முதலில் சிரித்தது பைமோன். மற்ற பிள்ளைகள் பயந்துகொண்டு அடக்கிவைத்திருந்த சிரிப்பு அவள் சிரித்ததும் மடை திறந்தது போல வந்துவிட்டது. விலாவனும் சிரித்தாள். கன்னம் வலிக்கும் வரை சிரித்தாள்.

அன்று சாப்பிடும்போது பைமோன் ஒட்டரிசிச் சோற்றை உருண்டையாக உருட்டி மிளகாய்ச் சட்னியில் தோய்த்துக்கொண்டே அம்மா சொன்ன மாதிரி அந்த வரியைச் சொன்னாள். பிறகு மெரின் சொன்ன மாதிரி சொன்னாள்.

"எது நல்லாருக்குப்பா?"

"எனக்கென்ன தெரியும், ரெண்டும் தவளை கத்துற மாதிரிதான் இருக்கு" என்றான் பூன்மா.

"அம்மா சொல்றதுதான் தவளை. இத்தன வருஷமா எல்லாப் புள்ளைங்களுக்கும் தவளை பாஷையா சொல்லிக் குடுத்திருக்கா."

"சாப்பிடு" என்றாள் விலாவன்.

மெரின் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துப் புன்னகைத்தாள்.

ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களை வணங்கும் நாள் நெருங்கியது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு பூத்தட்டு செய்யும். இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல், நெல்பொரி. வகுப்பின் சார்பாக ஒரு பிள்ளை தட்டை ஏந்திக்கொண்டு முழங்காலால் நடந்து மேடைக்குப் போய், நாற்காலியில் இருக்கும் தன் ஆசிரியரின் முன் வைத்துத் தரையில் தலை பட வணங்கும். ஆறாம் வகுப்புத் தட்டு இத்தனை வருடமும் விலாவனிடம்தான் வந்தது.

"இந்த வருஷம் மெரினுக்குக் குடுத்துருவோம்" என்றார் சுரபோல். "மாவட்டக் கல்வி ஆபீஸ்லேருந்து வர்றாங்க. போட்டோ எடுப்பாங்க. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்களே, டீச்சர்?"

"இதுல என்ன சார் இருக்கு" என்றாள் விலாவன்.

"அந்தப் பொண்ணுக்கு எப்படி உக்காரணும், என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க. உங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதானே."

சாயங்காலம் மீன் குளத்தின் கரையில் விலாவன் தவிடு தூவிக்கொண்டிருந்தாள். மெரின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விலாவனுக்குப் புரியட்டும் என்று மெதுவாகவே பேசினாள், காது மந்தமானவர்களிடம் பேசுவது போல.

"ஒரு விஷயம் கேக்கணும். ஒத்திகை பாத்தேன். ஒரு கொழந்தை முட்டி போட்டு வந்து என் கால்ல விழறத என்னால தாங்கிக்க முடியாது. நான் யாரு? ஒண்ணும் தெரியாதவ. நான்தான் அவங்ககிட்ட கத்துக்கறேன்."

விலாவன் தவிடு தூவினாள். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

"அதனால ஒண்ணு தோணிச்சு. அந்தக் கொழந்தை வணங்கினதும் நானும் நாற்காலிய விட்டு எறங்கி, முட்டி போட்டு, அதே மாதிரி தரையில தலை வெச்சு அவள வணங்கட்டுமா? உங்க எல்லாருக்கும் நன்றி சொல்ற மாதிரி. அது சரியா இருக்குமா? யாரும் வருத்தப்பட மாட்டாங்களே?"

மூத்தவர் ஒருவர் ஒரு பிள்ளையின் காலில் விழுந்தால் அந்தப் பிள்ளையின் ஆயுசு குறையும். நோங் போவில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே அது தெரியும். விளையாட்டுக்குக்கூட யாரும் அப்படிச் செய்வதில்லை. விலாவனிடம் அதை நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், படித்தவள் என்பதால் சிரித்திருப்பாள். ஆனால் மண்டபம் முழுவதும் நம்பும். மண்டபம் முழுவதும் மெரினைப் பார்த்து வாயில் கை வைக்கும். அந்த நொடியில் இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் ஒன்றுமே தெரியாது என்பதைப் பைமோன் கண்ணால் பார்ப்பாள்.

"சரி" என்றாள் விலாவன். "ரொம்ப நல்லது. எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்."

மெரின் அவளைக் கட்டிக்கொண்டாள். விலாவனின் கையிலிருந்த தவிடு அவள் முதுகெல்லாம் ஒட்டியது.

மறுநாள் வகுப்பில் யார் தட்டு ஏந்துவது என்று கேட்டபோது பைமோன் நாற்காலியில் ஏறாத குறையாகக் கை தூக்கினாள். "நான் டீச்சர், நான்! மெரின் அக்காவுக்கு நான்தான்!" பள்ளிக்கூடத்தில் அவளும் மற்றவர்களைப் போல டீச்சர் என்றே கூப்பிட வேண்டும் என்பது விலாவன் போட்ட விதி.

விலாவன் வகுப்பை ஒரு முறை பார்த்தாள். ஊர்த் தலைவரின் மகன் வேண்டாம். கடைக்காரரின் மகள் வேண்டாம், அவள் அம்மா வாசலில் வந்து கத்துவாள். கடைசி வரிசையில் ஜியாப் இருந்தாள். அவளுடைய அப்பா அடுத்தவர் மாடுகளை மேய்ப்பவர். பள்ளிக்கூட வாசலுக்குள் வந்தாலே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார். அவர் எதையும் கேட்கமாட்டார்.

"ஜியாப்" என்றாள் விலாவன்.

ஜியாப் தன் பெயரைக் கேட்டதும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் ஜியாப் மதியச் சாப்பாட்டுத் தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் முழங்காலால் நடந்து பழகினாள். தட்டில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு ஒன்றுகூட விழாமல் போனாள். முழங்கால் தோல் உரிந்து சிவந்தது. பைமோன் அவளிடம் பேசவில்லை. வீட்டில் அம்மாவிடமும் பேசவில்லை.

"ஏய், புள்ள கேட்டா குடுக்க வேண்டியதுதானே" என்றான் பூன்மா.

"சொந்தப் பொண்ணுக்கே குடுத்துட்டாளேன்னு ஊர் பேசும்" என்றாள் விலாவன்.

வியாழக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் புத்தர் சிலைக்குப் பக்கத்தில் ஆசிரியர்களின் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மெரினை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். விலாவனின் நாற்காலி அந்தக் கோடியில் ஒலிபெருக்கிப் பெட்டியின் மறைவில் கிடந்தது. அவள் உட்காரப் போவதற்கு முன் பிள்ளைகளின் வரிசையைச் சரி செய்ய இறங்கினாள். சுரபோலும் கூட வந்தார். ஜியாப்பைப் பார்த்ததும் நின்றார்.

ஜியாப்பின் சட்டை துவைத்துத் துவைத்து மஞ்சளாகியிருந்தது. அது யாரோ கொடுத்த பழைய சட்டை. நெஞ்சில் நீல நூலால் தைத்திருந்த பெயரைப் பிரித்த பிறகும் ஊசித் துளைகளில் அந்தப் பெயரை இன்னும் படிக்க முடிந்தது.

"என்ன டீச்சர் இது? இவதான் கெடச்சாளா?" சுரபோல் குரலைத் தாழ்த்தவில்லை. "சட்டையில வேற எவ பேரோ இருக்கு. கேமரா நேரா இங்கதான் பாக்கும். ஆபீஸ்காரங்க பாத்தா நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"நல்லாப் பழகியிருக்கா சார்."

"பழகுறதுக்கு என்ன இருக்கு, முட்டி போட்டு நடக்குறதுதானே. உங்க பொண்ணு எங்க? பைமோன்! இங்க வாம்மா. பாருங்க, எப்படி பளிச்சுனு இருக்கா. இவகிட்ட குடுங்க."

"சார், அது வந்து..."

"என்ன?"

சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் பக்கத்தில் நிற்கும் மகளின் காதிலும் விழும்.

"ஒண்ணுமில்ல சார். சரி."

ஜியாப்பின் கையிலிருந்து தட்டை வாங்கி அவர்தான் பைமோனிடம் கொடுத்தார். ஜியாப்பின் கைகள் தட்டு இருந்த இடத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பைமோன் அம்மாவைப் பார்த்தாள். வாரக் கணக்கில் இல்லாத பழைய பார்வை அது. முகம் முழுக்க வெளிச்சம். அம்மாதான் பேசி வாங்கித் தந்தாள் என்று நினைத்துவிட்டாள்.

விலாவன் மேடைக்கு ஏறினாள். நடுவில் மெரின் வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையுமாக, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, பரீட்சைக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் இடையில் ஐந்தாறு நாற்காலிகள்தான். போய் அவள் காதில் வேண்டாம் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். அன்றைக்குச் சரி என்றீர்களே என்று கேட்பாள், எல்லோர் முன்னாலும், அந்த உரத்த குரலில். விலாவன் எழுந்தாள். மாவட்ட அலுவலகத்து ஆட்கள் அவளைப் பார்த்தார்கள். புடவை போல் சுற்றியிருந்த பட்டுத் துணியின் மடிப்பைச் சரி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் ஒரே குரலில் ஆசிரியர் வணக்கம் பாடினார்கள். தட்டுகள் வந்தன. பைமோன் முழங்காலால் நடந்து வந்தாள். ஜியாப் அளவுக்கு அவளுக்குப் பழக்கமில்லை, நெல்பொரி சிந்தியது. மெரினின் முன் தட்டை வைத்தாள். நெற்றி தரையில் படக் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

மெரின் நாற்காலியை விட்டு இறங்கினாள்.

முதலில் தட்டை எடுக்கக் குனிகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மண்டியிட்டாள். கைகளைக் கூப்பினாள். மஞ்சள் முடி தரையில் விழ, பைமோனின் முழங்காலுக்கு முன்னால் நெற்றியை வைத்தாள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. புத்தருக்குச் செய்வது போல மூன்றாம் தடவையும்.

மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு பையன் சிரித்தான். அவனுக்கு உடனே ஓர் அடி விழுந்த சத்தமும் கேட்டது. பைமோன் பின்னால் நகரப் பார்த்தாள். மேடையின் விளிம்பு வந்துவிட்டதால் நகர முடியவில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினாள். "வேணாங்க்கா, வேணாங்க்கா" என்று உதடு அசைந்தது. கை பட்டுத் தட்டு கவிழ்ந்தது. இட்லிப்பூ மெரினின் முடியில் ஒட்டிக்கொண்டது. கேமராக்காரன் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வெளிநாட்டு டீச்சர் புள்ளைங்கள விட வேகமா கத்துக்கிட்டாங்க!" என்றார் சுரபோல் ஒலிபெருக்கியில். மாவட்ட ஆட்கள் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை.

"பாவம், டீச்சர் பொண்ணு" என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

"மூணு தடவ விழுந்துட்டாளேடி. மிச்சம் என்ன இருக்கும்?"

பைமோன் அதைக் கேட்டாள். விலாவனும் கேட்டாள். மண்டபத்தில் மெரினை அன்று வெறுத்தது யார் என்று கேட்டால் யாருமில்லை. அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். தெரியாதவள் மேல் கோபப்பட்டு என்ன பயன் என்றார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் யாரோ மெரினுக்கு விஷயத்தை உடைந்த ஆங்கிலத்தில் விளக்கியிருக்க வேண்டும். அவள் கூடத்தில் பாயில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பூன்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். பைமோன் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"நான் கேட்டேனே! குளத்துக்கிட்ட வெச்சுக் கேட்டேன். வணங்கட்டுமான்னு கேட்டேன். விலாவன் சரின்னு சொன்னாங்க. எல்லாரும் சந்தோஷப்படுவாங்கன்னு சொன்னாங்க!"

"என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று பூன்மா மனைவியிடம் கேட்டான்.

"தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்றா" என்றாள் விலாவன்.

"அட, பரவால்லன்னு சொல்லு. அழ வேணாம்னு சொல்லு."

பைமோன் அம்மாவைப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்கு இப்போது நன்றாகவே புரிந்தது. அப்பாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாதாரணமாக, "அன்னிக்கு ஜியாப்ப ஏன் எடுத்த?" என்று மட்டும் கேட்டாள். விலாவன் அடுப்படிக்குப் போனாள். பைமோன் பின்னாலேயே வரவில்லை. பதில் அவளுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த இரண்டு நாளும் பைமோன் சாப்பிடவில்லை, தூக்கத்தில் உளறினாள். பயத்தில் உயிர் உடம்பை விட்டு வெளியே போய்விட்டது, கூப்பிட்டுக் கட்ட வேண்டும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழையிலைக் கோபுரம் செய்து, முட்டையும் சோறும் வைத்து, முன்பு துறவியாக இருந்த ஒருவர் வந்து உயிரே வா, ஆற்றிலிருந்தாலும் காட்டிலிருந்தாலும் வீட்டுக்கு வா என்று ராகமாக அழைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து பைமோனின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். "நூறு வயசு இருக்கணும்." "நோய் நொடி அண்டக் கூடாது." "பட்டணத்துப் புருஷன் கெடைக்கணும், வெள்ளைக்காரன் வேணாம்!" சிரித்தார்கள். மெரினும் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. பைமோனே மறு கையால் அதை இறுக்கிக்கொடுத்தாள்.

விலாவன் நூலோடு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பைமோன் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல ஜியாப்புக்குக் கட்டிட்டு வா" என்றாள் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவளுக்குத்தானே வெச்சிருந்தே."

பெண்கள் உருகிப்போனார்கள். "என்ன மனசு பாத்தியா! தட்டு போச்சேன்னு அந்தப் புள்ளையும் ஏங்கிப் போயிருக்கும்ல. போங்க டீச்சர், ஒரு நடை போயிட்டு வாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலாவன் எழுந்து போனாள்.

ஜியாப்பின் வீடு ஊரின் கடைசியில், மாட்டுக் கொட்டிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவள் அப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, இடுப்பு வளையக் கும்பிட்டார். உட்கார வைக்க ஒன்றும் இல்லாமல் ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

"எங்க வீட்டுக்கு... டீச்சர் வந்து... எம் பொண்ணுக்கா? புண்ணியம் டீச்சர். இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஜியாப் இரு கையையும் நீட்டினாள். விலாவன் கட்டினாள். ஆசிச் சொற்களுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

"டீச்சர், எஞ்சட்டை ரொம்ப அழுக்காவா இருந்துச்சு?" என்று கேட்டாள் ஜியாப். "நான் மூணு தடவ தொவைச்சேன்."

"இல்ல" என்றாள் விலாவன். "நல்லாத்தான் இருந்துச்சு."

திரும்பி வந்தபோது சாப்பாடு தொடங்கியிருந்தது. பப்பாளிக்காயை உரலில் இடிக்கும் சத்தமும் சிரிப்புமாக வீடு நிறைந்திருந்தது. பைமோன் மெரினின் பக்கத்தில் உட்கார்ந்து, சுட்ட மீனின் முள்ளை எடுத்து அவளுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் முதல் முறையாகத் தானும் சாப்பிட்டாள். விலாவன் அவள் எதிரில் மண்டியிட்டு, கையில் மிச்சமிருந்த நூலை நீட்டினாள்.

பைமோன் எச்சில் படாத கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து ஏறக்குறைய முழங்கை வரை நூல் வெள்ளையாக இருந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. விலாவன் அந்த இடத்தைப் பார்த்தாள். பைமோனும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டாள்.

"இடமில்ல, டீச்சர்" என்றாள்.

வீட்டில் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பூன்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது. வாயில் சோற்றோடு சத்தமாகச் சிரித்தான்.